மீன் குழம்பு வைத்த நாளில் வடக்கு மாறியது

சங்க மலருக்கு எழுதச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை. முடியாது என்றேன். செயலாளர் விடவில்லை.

"இப்ப எல்லாம் திரையில வருதுண்ணே. விமானம் எங்கன நிக்குதுன்னு படமே போட்டுக் காட்டுது. உங்க காலத்துல எப்படிண்ணே வழி தெரிஞ்சுச்சு?"

"ஊசி காட்டும்."

"ஊசி தப்பாக் காட்டுனா?"

"தப்பாப் போவோம்."

அவர் சிரித்தார். இதையே எழுதிக் கொடுங்கள் என்றார். இதை எழுதினால் நாலு வரிதான் வரும். அதனால் ஊசி தப்பாகக் காட்டிய கதையையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வேதாளை. பெயர் சீனி. படிப்பு அஞ்சு. அத்தா மீன் பிடிப்பார். சொந்தமாக ஒரு வத்தைப் படகு இருந்தது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வத்தையில் கால் வைத்தால் வாந்தி. விமானத்தில் வாந்தி வரவில்லை. நான் இந்த வேலைக்கு வந்த காரணம் அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. உச்சிப்புளிப் பக்கம் யுத்தத்துக்குப் போட்ட ஓடுதளம் சும்மா கிடந்தது. ஆடு மேய்ந்தது. கடலை மேலே இருந்து படம் எடுக்கிற இலாகா ஒன்று அங்கே முகாம் போட்டது. தண்ணீருக்கு அடியில் பவளப் பார் எங்கே, மணல் திட்டு எங்கே என்று படத்தில் தெரியும். கப்பலுக்கு வழி போட அது வேண்டும். விமானம் ஒன்றே ஒன்று. இரண்டு எஞ்சின். நான் அதைத் தள்ளுகிற ஆள். பிறகு படக்கருவிக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆள் ஆனேன்.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. எதைத் தொடக் கூடாது என்று சொன்னார்கள். மீதியைத் தொட்டேன்.

விமானத்தின் முன்பக்கம் ஒரு பலகை இருக்கும். அதில் வட்ட வட்டமாகக் கண்ணாடி. ஒன்று உயரம் காட்டும். அதற்குள் காற்றுப் புகாத தகர டப்பி. மேலே போகப் போக வெளியே காற்று இளைக்கும், டப்பி உப்பும், முள் நகரும். இன்னொன்று வேகம் காட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குழாயில் காற்று வந்து மோதும். மோதுகிற அளவுக்கு முள் ஏறும். இன்னொன்றுக்குள் பம்பரம் சுற்றும். சுற்றுகிற பம்பரம் தன் திசையை விடாது. விமானம் திரும்பினாலும் அது திரும்பாது. அதை வைத்து எவ்வளவு திரும்பினோம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் பம்பரம் கொஞ்ச நேரத்தில் சோரும். அடிக்கடி திசைகாட்டியைப் பார்த்துத் திருத்தி வைக்க வேண்டும். எனவே திசைகாட்டி பொய் சொன்னால் பம்பரமும் அதே பொய்யைச் சொல்லும்.

இதெல்லாம் எனக்குச் சொன்னவர் நமச்சிவாயம் பிள்ளை. முகாமின் எஞ்சினீயர். திருநெல்வேலிக்காரர். சைவம். முட்டை என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார். உயரம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்தால், "சுழி" என்பார்.

சத்தம் போட மாட்டார். கேட்ட கேள்வியையே மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவை உண்மை வந்துவிடும். சட்டைப் பையில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு சின்னத் திசைகாட்டி எப்போதும் இருக்கும்.

ஒரு தடவை விமானம் மேலே ஏறிவிட்டது. வேகம் காட்டும் முள் அசையவில்லை. ஓட்டுநர் கேப்டன் ஜேக்கப் குத்துமதிப்பாக இறக்கிவிட்டார். பிள்ளை சார் குழாயில் ஈர்க்குச்சி விட்டுக் குத்தினார். மண் உதிர்ந்தது. குளவிக் கூடு.

"குளவிச் சனியன்" என்றார் கேப்டன்.

"குளவி மேல தப்பு இல்ல வே. அது வீடு கட்டிச்சு. ராத்திரி குழாய்க்கு உறை போடாதவன் மேலதான் தப்பு" என்றார் பிள்ளை. உறை போட வேண்டியவர் லீவில் போயிருந்தார். பிள்ளை சார் அவர் திரும்பி வருகிற வரைக்கும் அந்த மண்ணைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். வந்ததும் கையில் கொடுத்தார்.

யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

கேப்டன் ஜேக்கப் நாகர்கோயில் பக்கம். நல்ல ஓட்டுநர். பெரிய உடம்பு. மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். பறக்கிற நாளில் சோற்றை மேலே கொண்டுபோய்த்தான் சாப்பிடுவார். சூடாக இருக்க வேண்டும். அதனால் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் சமையலறையிலிருந்து கேரியர் வரும்.

சமையல் முனியாண்டி. உத்தரகோசமங்கைக்காரன். என் வயது. என்னை மாப்ளே என்பான். நானும் அப்படியே. அவன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடுதளத்தில் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். விமானமே அவனுக்குப் பயந்து நிற்பது போல இருக்கும்.

பித்தளைக் கேரியர். நாலு அடுக்கு. அடுக்குகளை இறுக்கிப் பூட்டுகிற கரண்டி எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த ஓட்டையில் முனியாண்டி ஒரு ஆணியைச் சொருகியிருப்பான். வத்தைக்கு அடிக்கிற ஆணி. சாண் நீளம். பூட்டுக்குப் பூட்டும் ஆச்சு, காவலுக்குக் காவலும் ஆச்சு என்பான். கவிச்சிச் சோறு வெளியே போனால் வாசனைக்கு ஏதாவது கூடவே வரும். இரும்பு இருந்தால் அண்டாது. எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் வீட்டிலும் கறி கொடுத்து அனுப்பினால் மேலே ஒரு இரும்பு இருக்கும். அதனால் அந்த ஆணியை யாரும் ஆணியாகப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பிள்ளை சாரின் சாம்பாரில் அந்த ஆணி கிடந்தது. அடுப்புக்கு மேல் பரணில் வைத்திருந்தது தவறி விழுந்துவிட்டது. அது எந்தச் சோற்றோடு போய்வந்த ஆணி என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தார்.

"முனியாண்டி. இது என்னது?"

"ஆணி சார்."

"இது என்னது?"

"சாம்பார்ல ஆணி சார்."

மூன்றாவது தடவை கேட்கவில்லை. எழுந்து போனார். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மாக்னெட்டோ ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதிலிருந்து கழற்றிய லாடக் காந்தத்தை எடுத்து வந்தார். நல்ல கனம். சமையலறைச் சுவரில் அவரே கட்டிக் கொடுத்தார்.

"இனிமே கத்தி, ஆணி எல்லாத்தையும் இதுல ஒட்டி வை. ஒண்ணும் விழாது."

முனியாண்டிக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர்களுக்கெல்லாம் ஆணியை ஒட்டிக் காட்டினான்.

கேப்டனுக்குக் கெட்ட காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பாக் ஜலசந்திப் பக்கம் படம் எடுத்துவிட்டுத் தென்மேற்கே வந்தால் உச்சிப்புளி. இடது கைப் பக்கம் பாம்பன் பாலம் தெரிய வேண்டும். அன்றைக்குப் பாலம் வரவில்லை. கீழே பச்சைப் பசேல் என்று காடு. தண்ணீருக்குள் மரம் நிற்கிறது.

"சீனி, இது எந்த ஊரு?" என்றார் கேப்டன்.

எட்டிப் பார்த்தேன். "காரங்காடு சார். அலையாத்திக் காடு."

"நம்ம இங்க ஏன் வந்தோம்?"

"நீங்கதான் சார் ஓட்டுறீங்க."

கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வந்து இறங்கினோம். மறுதடவை கடலுக்குள் நேர்கோடு போட்டுப் பறந்து எடுத்த படங்களை ஒட்டிப் பார்த்தால், கோடு மாட்டு மூத்திரம் போல வளைந்திருந்தது. அதற்கு அடுத்த தடவை இலங்கையில் தலைமன்னார்ப் பக்கம் ஏறிவிட்டோம். கீழே ஆட்கள் கையை ஆட்டினார்கள். கேப்டனும் கையை ஆட்டினார். அவர்கள் வரவேற்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே இருந்து மெட்ராசுக்குப் புகார் போய்விட்டது.

விசாரிக்கப் பெரிய அதிகாரி அடுத்த வாரம் சனிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. திசைகாட்டி சரி என்று எஞ்சினீயர் கையெழுத்துப் போட்டால் தப்பு ஓட்டுநர் மேல். பறக்கிற உரிமையைப் பறித்துவிடுவார்கள்.

கேப்டன் அன்றைக்கு மீனை ஒதுக்கி வைத்தார். "எனக்கு வேற தொழில் தெரியாது சீனி" என்றார். முனியாண்டி பயந்துபோய் உப்புப் போதவில்லையா என்று கேட்டான்.

பிள்ளை சார் விமானத்தைக் கல் வட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

திசைகாட்டி ஊசி வடக்கைப் பார்க்கும். ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் அதையும் பார்க்கும். விமானமே பாதி இரும்பு. அந்த இரும்பு எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். அதற்காக ஓடுதளத்துக்கு வெளியே, ஒரு இரும்பும் இல்லாத பொட்டலில் வெள்ளைக் கல்லால் வட்டம் போட்டிருந்தது. விமானத்தை வட்டத்தின் நடுவில் நிறுத்துவோம். வாலைப் பிடித்துத் தள்ளி வடக்கே திருப்புவோம். பிள்ளை சார் தூரத்தில் நின்று பித்தளை முக்காலியில் வைத்த நல்ல திசைகாட்டியால் விமானத்தைப் பார்ப்பார். உள்ளே இருக்கிறவர் உள் திசைகாட்டியைப் படிப்பார். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று பார்ப்பார்கள். பிறகு வாலைத் தள்ளிக் கொஞ்சம் திருப்புவோம். திரும்பவும் படிப்பார்கள். இப்படி ஒரு முழுச் சுற்று. வித்தியாசத்தைக் குறைக்கத் திசைகாட்டிக்கு அடியில் ஊசி போலச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அதைத் திருகிச் சரி செய்வார். மீந்த வித்தியாசத்தை ஒரு அட்டையில் எழுதி ஓட்டுநர் கண்ணுக்கு நேராகச் சொருகுவார்.

வட்டத்துக்குள் போகும் முன் எங்களுக்குச் சோதனை உண்டு. சாவி, பெல்ட், கத்தி எல்லாம் ஓலைக் கொட்டானில் போட வேண்டும். கொட்டானைப் பனைமரத்தடியில் வைத்துவிட்டு வர வேண்டும். பெல்ட் இல்லாததால் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விமானத்தைத் தள்ளுவோம். அப்படியும் பிள்ளை சார் நம்ப மாட்டார். சின்னத் திசைகாட்டியை எடுத்து ஒவ்வொருவர் வயிற்றுக்கு முன்னாலும் பிடிப்பார்.

"வாடே. மூச்சை இழு."

ஒரு ஆளிடம் ஊசி திரும்பியது.

"ஏடே, உன் தொப்புள்ல வடக்கு இருக்குலா."

அரைஞாணில் பாக்குவெட்டி மாட்டியிருந்தான். அவனை வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

வெயிலில் சுற்றிச் சுற்றித் தள்ளினோம். எல்லாத் திசையிலும் ஊசி சரி.

"திசைகாட்டியில குத்தம் இல்ல" என்றார் பிள்ளை.

"சார், மேல போனா மாறுது சார்" என்றார் கேப்டன்.

"மேல போனா வடக்கு மாறுமா?"

"மாறுது சார்."

"வடக்கு மாறுமா வே?"

மூன்றாவது தடவை கேட்கவிடாமல் கேப்டன் சொன்னார்: "நீங்க ஒரு தடவை கூட வாங்க. உங்க கண்ணால பாருங்க."

பிள்ளை சார் அதுவரைக்கும் விமானத்தில் பறந்ததே இல்லை. பூமியில் நிற்கிறவனுக்குத்தான் கருவியைப் பற்றித் தெரியும் என்பது அவர் கட்சி. ஆனால் கேட்ட பிறகு மறுக்க முடியவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஏறினார். விமானம் தரையை விட்டதும் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.

வெள்ளியும் செவ்வாயும் முனியாண்டி கவிச்சி தொட மாட்டான். வேண்டுதல். அன்றைக்கு எலுமிச்சைச் சோறு. வாழை இலையில் பொட்டலம். ஊசி சொன்னபடி போனோம். உச்சிப்புளிக்கு நேராக வந்து இறங்கினோம்.

"செவ்வாய் வெள்ளி எப்பவும் சரியாத்தான் சார் போகும்" என்றார் கேப்டன் பரிதாபமாக. "மத்த நாள்லதான் போக மாட்டேங்குது."

"உமக்குச் செவ்வாயும் சுக்கிரனும் உச்சம் போல. ஜாதகத்தைப் பாத்து விமானம் ஓட்ட முடியுமா வே?"

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை சார் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "புதன்கிழமை இன்னொரு தடவை வாரேன். அதோட முடிச்சிருவோம். அதுக்கடுத்த சனிக்கிழமைதானே அவர் வாரது."

மெட்ராசிலிருந்து வந்த புதுத் திசைகாட்டி ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதற்கு மூளை வாலில் இருக்கும், முகம் முன்னால் இருக்கும். நடுவில் கம்பி ஓடும். வாலில் எஞ்சின் இரும்பு இல்லாததால் மூளை கெடாது என்பது கணக்கு. அதை மாட்டினார். இப்போது சாட்சி இரண்டு. கல் வட்டத்தில் மறுபடியும் தள்ளினோம். இரண்டு சாட்சியும் ஒரே பேச்சு.

புதன்கிழமை. எஞ்சின் ஓடுகிறது. பிள்ளை சார் ஏறுகிற சாமான் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சின்னத் திசைகாட்டியைப் பிடித்துப் பார்த்தார். படக்கருவி. என் செருப்பு. கேப்டனின் தொப்பி. முனியாண்டி கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பிள்ளை சார் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"பித்தளைதானே? போ, போ. அந்தண்ட கொண்டு போ."

ஏறும்போது கேரியர் என் மடியில் இருக்கும். இல்லாவிட்டால் குழம்பு சிந்தும். விமானம் சமமான பிறகு முன்னால் நீட்டுவேன். திசைகாட்டிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு மாதிரி இடம் உண்டு. கேரியர் அதில் கச்சிதமாக உட்காரும்.

அன்றைக்கும் நீட்டினேன். உட்கார்ந்தது. கேப்டன் பம்பரத்தைத் திசைகாட்டிக்குச் சரியாகத் திருத்தி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை சார் நிமிர்ந்தார். "ரெண்டு ஊசியும் ரெண்டு பக்கம் காட்டுதே."

"நான் சொன்னேன்ல சார்! நான் சொன்னேன்ல!" கேப்டனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சந்தோசப்படாதீரும். நாம எங்க இருக்கோம்?"

கேப்டன் கீழே பார்த்தார். கடல். மேக மூடாப்பு வேறு. "தெரியல சார்."

பிள்ளை சார் விபூதிப் பொட்டலத்தைத் தேடினார். கேப்டனுக்கோ மனது நிறைந்துவிட்டது. வாரக்கணக்கில் இல்லாத பசி வந்துவிட்டது. கேரியரைத் தூக்கினார்.

திசைகாட்டி ஊசி கூடவே திரும்பியது.

பிள்ளை சார் பார்த்துவிட்டார். "கேப்டன். அதைத் திரும்ப வையும்."

"பசிக்குது சார்."

"வையும் வே!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். கேப்டன் வைத்தார். ஊசி பழைய இடத்துக்கு வந்தது.

"எடும்."

எடுத்தார். ஊசி போனது. வீட்டுக்காரன் பின்னால் நாய் போகிற மாதிரி.

"வையும். எடும். இந்தப் பக்கம் கொண்டாரும்."

"சார், நான் சாப்பிடணுமா வேண்டாமா?"

"திறயும்."

கேப்டன் ஆணியை உருவி மடியில் போட்டுக்கொண்டு அடுக்குகளைப் பிரித்தார். பிள்ளை சார் ஒரு கையால் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, மறு கையால் சின்னத் திசைகாட்டியை ஒவ்வொரு அடுக்கின் மேலும் பிடித்தார். சோறு. ஒன்றும் இல்லை. குழம்பு.

"இது என்ன மீனு?"

"விளமீன் சார்."

"விளமீனுக்குள்ள இரும்பு இருக்குமோ?"

"எங்கம்மா ரத்தத்துக்கு நல்லதுன்னு சொல்லும் சார்."

குழம்பில் ஊசி ஆடவில்லை. வறுவலிலும் ஆடவில்லை. பிள்ளை சார் குழம்பிப்போனார். பெரிய திசைகாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அது கேப்டனை நேராகக் காட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப ஊசி உம்மைத்தான் காட்டுது வே."

"நான் ஒண்ணும் பண்ணல சார்!" என்று கேப்டன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஓட்டுகிறவர் இரண்டு கையையும் தூக்கினால் விமானம் மூக்கைக் குத்தும். குத்தியது. ஆணி மடியிலிருந்து வழுக்கிப் பிள்ளை சார் காலடியில் விழுந்தது. கையில் இருந்த சின்னத் திசைகாட்டியின் ஊசி சரேலென்று கீழே இழுத்தது.

விமானத்தை நிமிர்த்திய பிறகு, பிள்ளை சார் அந்த ஆணியை இரண்டு விரலால் எடுத்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இது என் சாம்பார்ல கிடந்த ஆணிலா."

அதை என்னிடம் நீட்டினார்.

"இந்தா சீனி. இதைக் கொண்டு வாலுக்குப் போயிரு."

வாங்கிக்கொண்டு வாலுக்குப் போனேன். முன்னாலிருந்து கூப்பாடு. "ஏ சீனி! புது ஊசி கிறுக்குப் பிடிச்சுச் சுத்துது! முன்னால வாடே!"

வாலில்தான் புதுத் திசைகாட்டியின் மூளை இருக்கிறது. முன்னால் வந்தேன்.

"வராத, வராத! பழசு ஆடுது! பின்னால போ. போதும், போதும். கொஞ்சம் வா. நில்லு! அசையாத!"

நடுவில் நின்றேன். ஆணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் இரண்டு ஊசியும் ஒத்துப்போகிறது. கையை இறக்கினால் பழசு லேசாக ஆடுகிறது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தனக்கூட்டுக்குக் கொடி பிடித்தவன் மாதிரி.

"தூக்கி வெளிய எறிஞ்சிரலாமே சார்" என்றார் கேப்டன்.

"விமானத்துல இருந்து ஒரு பொருள் கீழ விழக் கூடாது. கீழ யார் தலையோ."

"கீழ கடல் சார்."

"கடல்ல ஆள் இல்லியா? சீனியோட அப்பா மீன் பிடிக்கிறார்லா."

அத்தா தலையை நினைத்து நானும் கையை இறக்கவில்லை.

கேப்டன் ஒரு கையால் ஓட்டி, ஒரு கையால் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் இடது கைப் பக்கம் பாலம் தெரிந்தது. மீன் முள்ளை வாயில் வைத்துக்கொண்டே, "பாலம்! பாலம்!" என்றார். பிள்ளை சார் கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் பறக்கும்போது கண்ணைத் திறந்து வெளியே பார்த்தது அப்போதுதான்.

இறங்கியதும் பிள்ளை சார் ஆணியோடு சமையலறைக்குப் போனார். நாங்களும் போனோம். சுவரில் லாடக் காந்தம். அதில் கத்தி, கரண்டி, அரிவாள்மணை எல்லாம் வௌவால் மாதிரி தொங்கின. ஆணி இருக்கிற இடம் மட்டும் காலி. நாள் முழுக்கக் காந்தத்தில் ஒட்டிக் கிடந்தால் இரும்பும் காந்தமாகும். முனியாண்டிக்கு அது தெரியாது. பிள்ளை சாருக்குத் தெரியும்.

"இனிமே கேரியர்ல இந்த ஆணி வரக் கூடாது."

"ஆணி இல்லாம மீன் போகாது சார்."

"என்ன?"

"கவிச்சி சார். ரோட்டுல போறப்பவே வருது. ஆகாசத்துல வராதா? நடுக்கடல் மேல நம்ம கேப்டன் மேல ஏறிருச்சுன்னா யாரு சார் இறக்குறது? அங்கன வேப்பிலை கிடைக்குமா?"

"அப்பக் கேப்டன் மீன் திங்க வேண்டாம்."

கேப்டன் ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். கோட்டு, டை. இங்கிலீஷிலேயே பேசினார். கேப்டன் தொப்பியைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டு நின்றார். நானும் முனியாண்டியும் வாசலில் நின்றோம். கேட்டால் சாட்சி சொல்ல.

பிள்ளை சார் ஆணியை மேசையில் வைத்தார். பக்கத்தில் சின்னத் திசைகாட்டியை வைத்தார். ஊசி ஆணியைப் பார்த்தது. பிறகு தமிழில் சொன்னார்.

"ஓட்டுநர் மேல தப்பு இல்ல சார். சமையல்காரன் மேலயும் இல்ல. சாதாரண ஆணியை ஊசி இவ்வளவு கண்டுக்காது. இதைக் காந்தமா ஆக்கினது நான் குடுத்த காந்தம். கேரியரைச் சோதிக்காம விட்டதும் நான்தான். மீன் வாசம் ஆகாது, அதனால விட்டேன். தப்பு என் மேலதான்."

அதிகாரி ஆணியைக் கையில் எடுத்தார். "டிபன் கேரியர்ல இது எதுக்கு?"

பிள்ளை சார் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தொப்பியைப் பார்த்தார்.

"எதுக்கு?"

பிள்ளை சார் தொண்டையைச் செருமினார். "பேய்க்கு சார்."

தொப்பி நசுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கேப்டன் வேலை போய்விட்டது என்றே நான் நினைத்தேன். இலாகாவின் விமானம் அடுத்த நாட்டுக்குள் போனதற்குக் காரணம் பேய் என்று யார் எழுதுவார்கள்?

அதிகாரி ஆணியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாகத் தமிழ் பேசினார்.

"ஏன்? கரித்துண்டு வைக்கக் கூடாதா? எங்க வீட்ல கரிதான் வைப்பாங்க."

வாசலிலிருந்து முனியாண்டி சொன்னான். "கரியும் வைக்கலாம் சார். ஆனா இரும்பு மாதிரி வராது."

"பெரிய துண்டா வை."

"வைக்கேன் சார்."

பிள்ளை சார் என்னைப் பார்த்தார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தேன். ஆணியைத் தூர எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, கரியை மேசையில் வைத்து, அதைச் சுற்றித் திசைகாட்டியை ஒரு முழு வட்டம் கொண்டுபோனார். கல் வட்டத்தில் செய்வது போலவே. வடக்கு. கிழக்கு. தெற்கு. மேற்கு. அதிகாரியும் குனிந்து பார்த்தார்.

"ஆடல" என்றார் பிள்ளை.

கேப்டன் தொப்பியைத் தலையில் வைத்தார். நசுங்கியிருந்தது.

மெட்ராசுக்கு என்ன எழுதிப் போனது என்று எனக்குத் தெரியாது. கேப்டனின் உரிமை போகவில்லை. பிள்ளை சாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஒரு வாரம் சாம்பார் இல்லாமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பறந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முனியாண்டி கேரியரோடு ஓடி வந்தான். ஆணி இருந்த இடத்தில் மூங்கில் சிம்பு. மேல் அடுக்கின் மூடி மேல் முழங்கை அளவு கரி, துணியால் கட்டியிருந்தது. பிள்ளை சார் அவனை நிறுத்தினார். மூக்கைப் பொத்திக்கொண்டு, கேரியரின் நாலு அடுக்குக்கும் திசைகாட்டியைப் பிடித்துப் பார்த்தார். கரிக்கும் பிடித்தார். தலையை ஆட்டினார்.

மேலே போனதும் கேரியரை முன்னால் நீட்டினேன். அதன் இடத்தில் உட்கார்ந்தது. நடுக்கடலில் கேப்டன் அதைத் தூக்கினார். இரண்டு பேரும் திசைகாட்டியைப் பார்த்தோம்.

ஊசி அசையவில்லை. பேயும் வரவில்லை.